மேட்டில் கை தேறட்டும், மெஷின் பிறகு வரட்டும்

பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி முறைக்கு டீச்சர் ஆவது பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒரே கேள்வியாகக் கொடுத்திருக்கிறோம்.

பி.காம். முடித்துவிட்டு தர்மபுரியில் ஒரு ஜிம்மில் லேடீஸ் பேட்ச் பார்த்துக்கொள்கிறேன். ‘இரண்டே நாளில் சர்வதேச பிலாட்டிஸ் சர்டிஃபிகேட்’ என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. சேரலாமா? நல்ல பயிற்சியை எப்படி அடையாளம் காண்பது?
– வாசகி, பாலக்கோடு

சேர வேண்டாம். இரண்டு நாளில் பயிற்சிகளின் பெயரை மனப்பாடம் செய்யலாம், அவ்வளவுதான்.

பிலாட்டிஸ் என்பது ஜோசப் பிலாட்டிஸ் என்ற ஜெர்மானியரின் பெயர். 1883-ல் பிறந்தவர், 1920களில் நியூயார்க் போய் அங்கே ஸ்டுடியோ நடத்தினார், 1967-ல் இறந்தார். அவர் பெயரை ஒரு நிறுவனம் தன் டிரேட்மார்க் என்று உரிமை கொண்டாடியது. ‘இது பொதுப்பெயர், யாரும் பயன்படுத்தலாம்’ என்று அமெரிக்க நீதிமன்றம் 2000-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்தியாவிலும் பிலாட்டிஸ் டீச்சருக்கென்று அரசு உரிமம் எதுவும் கிடையாது. அதனால் யார் வேண்டுமானாலும் சர்டிஃபிகேட் அடித்துக் கொடுக்கலாம். தாளை நம்பாமல், அதற்குப் பின்னால் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பாருங்கள்.

தரையில் விரிப்பு போட்டுச் செய்யும் மேட், ஸ்பிரிங் இழுவையில் நகரும் பலகை கொண்ட ரீஃபார்மர் மெஷின், மற்றக் கருவிகள் எல்லாம் சேர்ந்த முழுப் பயிற்சிக்கு 450 மணி நேரம் என்பது வெளிநாடுகளில் குறைந்தபட்ச அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் தேசிய பிலாட்டிஸ் சான்றிதழ்த் தேர்வு எழுதவும் இந்தக் கணக்குத்தான். இதில் வகுப்பறைப் பாடம் ஒரு பகுதி. பாக்கியெல்லாம் நீங்களே உடம்பால் செய்து பழகுவது, அனுபவசாலிகள் நடத்தும் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது, அப்புறம் நீங்கள் ஆள் வைத்துச் சொல்லிக்கொடுப்பது. வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினாலும் 45 வாரம் ஆகும். மேட் மட்டும் என்றால் இதில் ஒரு பங்குதான். முதலில் அதை முடித்துச் சில மாதம் வகுப்பு எடுத்துவிட்டு, பிறகு ரீஃபார்மருக்குப் போவது நல்லது.

பணம் கட்டும் முன் போன் போட்டுக் கேளுங்கள். மொத்த மணி நேரத்தில் நேரடி வகுப்பு எவ்வளவு, வீடியோ எவ்வளவு? நான் சொல்லிக்கொடுக்கும்போது யார் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்துவார்கள், எத்தனை முறை? செய்முறைத் தேர்வு உண்டா, அதில் தோற்றவர்கள் உண்டா? ‘எல்லோரும் பாஸ்தான்’ என்று பெருமையாகச் சொன்னால் வைத்துவிடுங்கள். கட்டணத்தில் புத்தகம், தேர்வு, மறுதேர்வு அடங்குமா, வருடாவருடம் புதுப்பிக்கத் தனியாகக் கேட்பார்களா? இரண்டாவது கேள்விதான் முக்கியம். பல இடங்களில் ‘50 மணி நேரம் நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுத்து நோட்டில் எழுதி வாருங்கள்’ என்று விட்டுவிடுகிறார்கள். திருத்த ஆளில்லாமல் 50 மணி நேரம் எடுத்தால், ஒரே தப்பு 50 மணி நேரம் கையில் ஊறிவிடும்.

பயிற்சி பெரும்பாலும் பெங்களூரில், சனி ஞாயிறுகளில் இருக்கும். தர்மபுரியிலிருந்து ஓசூர் வழியாக ரயில் உண்டு, கிருஷ்ணகிரி டவுனில் ரயில் நிலையம் இல்லை என்பதால் அங்கிருப்பவர்களுக்கு பஸ்தான். ஞாயிறு சாயங்காலம் அத்திப்பள்ளி நெரிசலில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். சனிக்கிழமை இரவு தங்க இடம் பார்த்துக்கொள்வது உடம்புக்கு நல்லது. களைத்துப்போய் இரண்டாம் நாள் வகுப்பில் உட்கார்ந்தால், செய்து காட்டச் சொல்லும்போது எதுவும் ஏறாது.

ஆண்கள் இந்த வேலைக்கு வரலாமா? எங்கள் ஊரில் லேடீஸ் எக்ஸர்சைஸ் என்கிறார்கள்.
– வாசகர், பர்கூர்

தாராளமாக. உண்டாக்கியவரே குத்துச்சண்டை பழகிய ஆண். முதல் உலகப்போரில் இங்கிலாந்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த காலத்தில், கூட இருந்த கைதிகளுக்குத் தன் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தவர். ஓசூர்த் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கும் ஆண்கள், லாரி ஓட்டுநர்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவர்கள் என்று முதுகு பிடித்துக்கொண்டு திரிபவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். ஆண்களுக்கென்று தனி பேட்ச் வையுங்கள். ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு ‘திங்கள் புதன் வெள்ளி காலை ஆறு’ என்ற கட்டாயம் ஒத்துவராது. பத்து வகுப்புக்கு ஒரு கார்டு, இரண்டு மாதத்துக்குள் எந்த பேட்ச்சிலும் வந்து முடிக்கலாம் என்று வைத்தால் நிற்பார்கள்.

ஐந்து வருடமாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். பிலாட்டிஸ் எனக்குச் சுலபமாக வருமா?
– வாசகி, கிருஷ்ணகிரி

உடம்பு வளையும், ஆட்களைக் கையாளத் தெரியும், அதெல்லாம் லாபம். ஆனால் யோகாவில் பழகிய மூன்று விஷயங்கள் குறுக்கே வரும். ஆசனத்தில் நிலைத்து நிற்பது அங்கே நோக்கம். இங்கே அசைவு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து முறை. மூச்சில் நீங்கள் வயிறு உப்பப் பழக்கியிருப்பீர்கள். இங்கே வயிற்றுத் தசை லேசான இறுக்கத்தில் இருக்கும், அதனால் மூச்சு விலாவின் பக்கவாட்டிலும் முதுகுப் பக்கமும் விரிய வேண்டும். மூன்றாவது, எவ்வளவு தூரம் வளைகிறது என்பதில் பெருமை கிடையாது. இடுப்பும் முதுகும் நழுவாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அதுதான் அளவு. நன்றாக வளைகிற யோகா டீச்சர்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் ரொம்பக் கஷ்டம். மூட்டு இளகி இருப்பதால் தசை வேலை செய்யாமலே கால் மேலே போய்விடும்.

‘ஹண்ட்ரட்’ என்ற முதல் பயிற்சியை எடுத்துக்கொண்டால் எல்லாம் புரிந்துவிடும். 1945-ல் பிலாட்டிஸ் வெளியிட்ட புத்தகத்தில் உள்ள 34 மேட் பயிற்சிகளில் முதலாவது இது. மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கி, கால்களை நீட்டி உயர்த்தி, கைகளை உடம்புக்குப் பக்கத்தில் மேலும் கீழும் அடிக்க வேண்டும். ஐந்து அடிக்கு மூச்சு உள்ளே, ஐந்து அடிக்கு வெளியே. பத்துச் சுற்று, மொத்தம் நூறு.

எங்கே கெடும்? முதலில் கழுத்து. தலையை முகவாயால் தூக்குகிறார்கள், தாடை வானத்தைப் பார்க்கிறது, முப்பது அடிக்குள் பிடரி வலிக்கிறது. விலா இடுப்பை நோக்கி இறங்கி, மேல்முதுகு வளைந்து, அதன் மேல் தலை எழ வேண்டும். பார்வை தொடையில் இருக்க வேண்டும். அடுத்தது இடுப்பு. காலைத் தாழ்த்தத் தாழ்த்த இடுப்புக்கும் மேட்டுக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி வந்துவிடும். தொடையைத் தூக்கும் சோயாஸ் தசை இடுப்பு முதுகெலும்பில்தான் பிடித்திருக்கிறது. வயிற்றுத் தசை இடுப்பெலும்பைப் பிடித்து நிறுத்தவில்லை என்றால், அது முதுகை முன்னால் இழுத்துவிடும். மறுநாள் ‘உங்க கிளாஸ் வந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு’ என்று போன் வருவது இதனால்தான். வயிறு நடுவில் மேடாகக் கூம்பி எழுந்தால் அதுவும் சுமை தாங்கவில்லை என்பதற்கு அடையாளம்.

திருத்தம் சுலபம். முழங்காலை 90 டிகிரி மடக்கிக் கெண்டைக்காலைத் தரைக்குச் சமமாக வையுங்கள். அப்போதும் முதுகு எழுந்தால் பாதம் தரையில் இருக்கட்டும். கழுத்து வலிக்கிறவர்கள் தலையைக் கீழே வைத்துக் கை மட்டும் அடிக்கட்டும். நூறுக்குப் பதில் முப்பதில் நிறுத்தட்டும். கை தோளிலிருந்து அசைய வேண்டும், மணிக்கட்டை ஆட்டினால் பயனில்லை. இந்த ஒரு பயிற்சியை ஐந்து விதமான உடம்புக்கு ஐந்து விதமாகக் கொடுக்கத் தெரிந்தால், நீங்கள் பாதி டீச்சர் ஆகிவிட்டீர்கள்.

மேட் பயிற்சி முடித்துவிட்டேன். எங்கள் ஊரில் முதல் பேட்ச்சுக்கு எட்டுப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், எல்லோரும் 35 வயதுக்கு மேல். இருவருக்குத் தரையில் உட்கார முடியாது. படித்ததெல்லாம் ஆங்கிலம். தமிழில் எப்படிச் சொல்வது, என்ன கொடுப்பது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

ஒரு டீச்சருக்கு மேட்டில் எட்டுப் பேர் என்பதே மேல் எல்லை. ஆரம்பத்தில் நான்கு நான்காகப் பிரித்தால் இன்னும் நல்லது.

முதலில் மேட். யோகா மேட் 4 முதல் 6 மில்லிமீட்டர்தான் இருக்கும், முதுகெலும்பு உருண்டு இறங்கும் பயிற்சிகளில் எலும்பு குத்தும். 10 முதல் 15 மில்லிமீட்டர் மேட் வாங்குங்கள். டைல்ஸ் தரையில் வழுக்கினால் அடியில் ஜமக்காளம் விரிக்காதீர்கள், அதுவும் சேர்ந்து வழுக்கும். மேட்டை நேராகத் தரையில் போட்டு, பாதம் வைக்கும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் பிடிப்பு வரும்.

வந்ததும் க்ளச்சர் கிளிப்பைக் கழற்றச் சொல்லுங்கள். கொண்டையோ கிளிப்போ பின்தலையில் இருந்தால் தலை தரையில் படாது, முகவாய் தூக்கிக்கொள்ளும், வகுப்பு முழுக்கக் கழுத்து இறுகியே இருக்கும். பின்னலைப் பக்கவாட்டில் போடட்டும். குப்புறப் படுக்கும் முன் தாலிச் செயினை முதுகுப் பக்கம் தள்ளிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நெஞ்செலும்பில் அழுத்தும். நீளமான சுடிதார் டாப், காலைத் தூக்கியதும் சரிந்துவிடும். கை அதை இழுப்பதிலேயே இருக்கும், பயிற்சி நடக்காது. உள்ளே டி-ஷர்ட் போட்டு வரச் சொல்லுங்கள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள், வகுப்பில் யாரும் போனில் வீடியோ எடுக்கக்கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நம் ஊர்ப் பெண்கள் தொடர்ந்து வருவதும் நின்றுபோவதும் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

தமிழில் சொல்வதற்கு வருவோம். ‘தொப்புளை உள்ளே இழுங்க’ என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். சொன்ன மாத்திரத்தில் எட்டுப் பேரும் வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, தோளைக் காதுக்குத் தூக்கிவிடுவார்கள். அதற்குப் பதில், ‘வாயால மெதுவா ஊதிக்கிட்டே வாங்க, கடைசியில வயிறு தானா உள்ள போகுதில்ல, அந்த அளவு போதும், அதை விட்டுடாதீங்க’ என்று சொல்லிப் பாருங்கள். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி அவர்களே விரல் வைத்துப் பார்க்கட்டும். அங்கே லேசாக இறுக வேண்டும், விரலை வெளியே தள்ளக்கூடாது. அந்த நிலையில் ‘என்ன சமைச்சீங்க?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் மூச்சைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இடுப்பின் நடுநிலையைக் காட்டவும் நீங்கள் தொட வேண்டியதில்லை. உள்ளங்கையின் அடிப்பகுதி இரண்டு இடுப்பெலும்பு முனைகளிலும், விரல் நுனிகள் அடிவயிற்றுக்குக் கீழே உள்ள எலும்பிலும் வைத்தால் ஒரு முக்கோணம் வரும். அது தரைக்குச் சமமாக இருந்தால் நடுநிலை. விரல் பக்கம் தாழ்ந்தால் முதுகு குழிந்திருக்கிறது, உள்ளங்கைப் பக்கம் தாழ்ந்தால் முதுகு தட்டையாகிவிட்டது. தொட்டுத் திருத்த வேண்டிய இடத்தில் ‘தொடலாமாக்கா?’ என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பழகியவரிடமும் கேளுங்கள்.

ஐம்பது நிமிட வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் யாருக்கு எங்கே வலி என்று கேட்கவே போகட்டும். மூச்சும் இடுப்பு அசைவும் எட்டு நிமிடம். பிறகு இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ் எட்டு முறை, மல்லாந்து ஒவ்வொரு காலாக மடக்கித் தூக்குவது பக்கத்துக்கு ஆறு, தலையும் தோளும் தூக்குவது ஆறு, ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது பக்கத்துக்கு எட்டு, குப்புறப் படுத்து நெஞ்சைச் சிறிதளவு மட்டும் எழுப்புவது ஐந்து, உட்கார்ந்து உடம்பைத் திருப்புவது பக்கத்துக்கு நான்கு. கடைசியில் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தலையிலிருந்து ஒவ்வொரு எலும்பாக உருண்டு இறங்கி எழுவது மூன்று முறை. முதல் மாதம் இதற்கு மேல் வேண்டாம். மல்லாந்த நிலையிலிருந்து முழுதாக எழுந்து உட்காரும் ‘ரோல் அப்’ கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பின்தொடை இறுகியவர்கள் கையை வீசி எழுவார்கள், கால் தரையை விட்டுத் துள்ளும், முதுகு ஒரே பலகையாக வரும். உட்கார்ந்த நிலையிலிருந்து, முழங்காலை மடக்கி, தொடையைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் பின்னால் போய்த் திரும்புவதிலிருந்து ஆரம்பியுங்கள்.

தரையில் உட்கார முடியாத இருவருக்கும் கையில்லாத கெட்டியான நாற்காலி போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். மூச்சு, திருப்புவது, கால் நீட்டுவது, எழுந்து உட்காருவது எல்லாமே நாற்காலியில் முடியும். சில வாரம் கழித்து நாற்காலியைப் பிடித்து ஒரு முழங்காலில் நின்று தரைக்கு இறங்கவும் எழவும் பழக்குங்கள். கீழே விழுந்தால் தானாக எழத் தெரிந்த பெண்ணுக்கு வீட்டில் பயமில்லை. எங்களைக் கேட்டால் அந்த வயதுக்கு இதைவிடப் பெரிய பயிற்சி கிடையாது.

கூடவே நீங்களும் எல்லாவற்றையும் செய்யாதீர்கள். ஒரு முறை செய்து காட்டிவிட்டு எழுந்து நடந்து பாருங்கள். நீங்கள் மேட்டில் படுத்திருந்தால் ஆறாவது ஆளின் கழுத்து உங்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு நான்கு வகுப்பும் சேர்ந்து செய்கிற டீச்சரின் மணிக்கட்டும் இடுப்பும் ஒரு வருடம் தாங்காது.

டிஸ்க் விலகியவர்கள், சிசேரியன் ஆனவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் எல்லாம் வருகிறார்கள். யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது?
– வாசகி, அரூர்

நீங்கள் வைத்தியர் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பதும் ‘குணமாக்குகிறேன்’ என்று போர்டில் எழுதுவதும் நம் வேலை இல்லை. சேரும்போதே ஒரு படிவத்தில் வலி, ஆபரேஷன், பிரசவம், மாத்திரை, கீழே விழுந்த அனுபவம் எல்லாம் கேட்டு எழுதி வாங்குங்கள். படிக்கத் தயங்குபவர்களிடம் தனியாக உட்கார்ந்து வாயால் கேட்டு நீங்களே எழுதுங்கள். கர்ப்பப்பை இறக்கம், தும்மினால் சிறுநீர் கசிவது போன்றவற்றைப் பத்துப் பேர் நடுவில் யாரும் சொல்லமாட்டார்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்கள் யார் என்பதில் சந்தேகமே கூடாது. முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனது, உட்காரும் இடம் மரத்துப்போனது, பாதத்தைத் தூக்க முடியாமல் போனது – இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கே தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

டிஸ்க் வலி புதிதாக, கடுமையாக இருக்கும்போது வகுப்பு வேண்டாம். டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ சரி சொன்ன பிறகு வந்தாலும், முன்னால் குனிந்து உருளும் பயிற்சிகளைத் தள்ளி வையுங்கள். காலில் இறங்கும் வலி மேலே ஏறி இடுப்போடு சுருங்கினால் நல்லது. கீழே முழங்காலைத் தாண்டி இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள்.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு ரோல் அப், பந்து போல உருள்வது, ‘சா’ என்கிற குனிந்து திரும்பும் பயிற்சி மூன்றும் கூடாது. குனிந்த நிலையில் சுமை ஏறும்போது முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கி முறியலாம். அவர்களுக்குக் குப்புறப் படுத்து எழும்புவது, பக்கவாட்டுக் கால் பயிற்சி, நின்றபடி சமநிலை ஆகியவை பொருந்தும். மாதவிடாய் நின்றவர்களிடம் மட்டும் இதைக் கேட்டால் போதாது. கர்ப்பப்பையோடு சினைப்பையும் எடுத்தவர்களுக்கு நாற்பது வயதிலேயே எலும்பு குறைய ஆரம்பிக்கலாம். நம் பக்கத்தில் சின்ன வயதிலேயே ‘கர்ப்பப்பை எடுத்தாச்சு’ என்பவர்களைப் பார்க்கிறோம், அதனால் ஆபரேஷனில் எதையெல்லாம் எடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்துக் கேளுங்கள்.

இந்த இரண்டு மாவட்டத்துக்கென்றே ஒன்று உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல வருடம் போர்வெல் தண்ணீர் குடித்த பெரியவர்களில் சிலருக்கு முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து கழுத்தும் முதுகும் திரும்பாது. பல்லில் பழுப்புக் கறையும் இருக்கலாம். அது பயிற்சியில்லாத விறைப்பு என்று நினைத்து இழுத்து வளைக்கக் கூடாது. அந்த எலும்பு பார்க்க அடர்த்தியாக இருந்தாலும் முறியக்கூடியது. டாக்டரிடம் அனுப்பி, சரி என்றால் மூச்சு, தோள், இடுப்பு மூட்டு, நடை இவற்றில் மட்டும் நில்லுங்கள்.

பிரசவம் ஆனவர்களுக்கு ஆறு வாரம் கழித்து டாக்டர் சம்மதம் வேண்டும், சிசேரியன் என்றால் இன்னும் நிதானமாக. மல்லாந்து முழங்காலை மடக்கித் தலையை லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் அவர்களே விரல் வைத்துப் பார்க்கட்டும். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் இருந்தாலோ வயிறு கூம்பினாலோ ஹண்ட்ரட் போன்றவை இப்போதைக்கு இல்லை. ஊதும் மூச்சு, சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசையை மேலே இழுப்பது, ஒருக்களித்த பயிற்சிகள் போதும். கர்ப்பிணிகளைப் புதிதாகச் சேர்க்காதீர்கள், அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அதைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் காலை ஆறு மணி வகுப்புக்கு வந்தால் மயங்கலாம். ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டு வரச் சொல்லுங்கள், அலமாரியில் சர்க்கரையும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். பிரஷர் உள்ளவர்களுக்கு மூச்சைப் பிடிப்பதும், இடுப்பைத் தலைக்கு மேல் தூக்குவதும் வேண்டாம்.

பி.பி.டி. முடித்த பிசியோதெரபிஸ்ட் நான். பிலாட்டிஸ் படித்தால் பயன் உண்டா?
– வாசகர், ஊத்தங்கரை

உண்டு. உடற்கூறு உங்களுக்குத் தெரியும், அதில் நேரம் மிச்சம். சொல்லாலேயே அசைவை மாற்றும் பழக்கம்தான் புதிது. கையால் பிடித்துச் சரிசெய்யவே பழகியிருப்பீர்கள், எட்டுப் பேர் இருக்கும் அறையில் அது நடக்காது. சிகிச்சை நேரத்தையும் பொது வகுப்பையும் தனித்தனியாக வையுங்கள், பில்லும் தனியாகப் போடுங்கள்.

இந்த வேலையில் வருமானம் எப்படி? தனியாக ஆரம்பிப்பதா, ஜிம்மில் சேர்வதா?
– வாசகி, தர்மபுரி

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு பேட்ச்சுக்கு 8 பேர், மாதம் 12 வகுப்பு, ஆளுக்கு 1,500 ரூபாய் என்றால் 12,000. மூன்று பேட்ச் நிரம்பினால் 36,000. வாடகை 8,000, கரண்ட், சுத்தம் 2,000, மேட் மாற்றவும் மேல்படிப்புக்கும் 2,000 போனால் கையில் 24,000. ஆனால் இடம் எப்போதும் நிரம்பாது. அறுபது சதவீதம் நிரம்பினால் வரவு 21,600, செலவு அதே 12,000, மிச்சம் 9,600 தான். மே மாத லீவிலும் தீபாவளி மாதத்திலும் கூட்டம் குறையும். அந்த 9,600-ல் குடும்பம் நடக்குமா என்று பார்த்துவிட்டு வாடகை அட்வான்ஸ் கொடுங்கள். பெரும்பாலும் முதல் வருடம் ஜிம்மிலோ, கல்யாண மண்டபத்தின் சின்ன ஹாலிலோ மணிக்கணக்கில் இடம் எடுத்து நடத்துவதுதான் புத்திசாலித்தனம்.

ஜிம்மில் சேர்ந்தால், வகுப்புக்கு இவ்வளவா, வசூலில் பங்கா என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஒருவர்தான் வந்தாலும் வகுப்புக்குப் பணம் உண்டா, விலகினால் அதே ஊரில் எடுக்கக்கூடாது என்று நிபந்தனை உண்டா என்றும் பாருங்கள். தனியாக இடம் பிடித்தால் நகராட்சி அல்லது மாநகராட்சியில் தொழில் உரிமம் எடுங்கள். உத்யம் பதிவு இலவசம், அதற்கு ஏஜென்ட் வேண்டாம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை.

ரீஃபார்மர் மெஷின் ஒன்று பழசாக வருகிறது. வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், ஓசூர்

ரீஃபார்மர் பயிற்சி முடித்திருந்தால் மட்டும். மெஷின் வாங்கிவிட்டு அதற்காகப் படிப்பவர்கள் பலர் உண்டு, அது தலைகீழ்.

முதலில் அறையையும் வழியையும் அளந்து பாருங்கள். மெஷின் கிட்டத்தட்ட 2.4 மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம். சுற்றி ஆள் நடக்கவும் கை விரிக்கவும் இடம் வேண்டும். மாடி ஹால் என்றால் படிக்கட்டுத் திருப்பத்தில் நுழையுமா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் கயிறு போட்ட மடக்கு மாடல்கள் விலை குறைவு, ஆனால் வகுப்பு நடத்த உதவாது. கயிறு நாளாக நாளாகத் தளரும், இழுவை ஒரே சீராக இருக்காது.

பழைய மெஷினில் உயிர் ஸ்பிரிங்கில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். இழுக்காத நிலையில் சுருள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் இடைவெளி, நெளிவு, துரு இருந்தால் அது எந்த நேரமும் அறுந்து முகத்தில் அடிக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. எனவே பழைய விலையோடு புது ஸ்பிரிங் செட் விலையையும் கூட்டித்தான் பேரம் பேச வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொன்றின் சிவப்பும் ஒரே பலமாக இருக்கும் என்று இல்லை.

ஆள் படுக்கும் நகரும் பலகையான கேரேஜை வெறுமனே தள்ளிப் பாருங்கள், சத்தமோ தட்டலோ இல்லாமல் ஓட வேண்டும். சக்கரத்தில் முடி சுற்றியிருக்கும், தண்டவாளத்தில் தூசு படிந்திருக்கும். ஜல்லி லாரி போகிற ரோட்டோரம் இருந்தால் வாரம் ஒரு முறையாவது உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். கயிறு கப்பியைத் தொடும் இடத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, தோள் கட்டை ஆடுகிறதா, பாதம் வைத்துத் தள்ளும் ஃபுட்பாரின் பூட்டு எல்லா உயரத்திலும் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஓட்டும்போது இரண்டு விஷயம் மறக்கக்கூடாது. ஸ்பிரிங் எதுவும் மாட்டாமல் யாரையும் கேரேஜில் ஏற்றாதீர்கள், கால் வைத்த உடனே நழுவும். இன்னொன்று, ஸ்பிரிங் குறைத்தால் எப்போதும் சுலபம் என்று இல்லை. காலால் தள்ளும்போது குறைத்தால் சுலபம். பிளாங்க் போலத் தாங்கி நிற்கும் பயிற்சிகளில் குறைத்தால் கேரேஜைத் திரும்ப இழுக்க ஆளில்லாமல் வயிறும் தோளும் முழுச் சுமையைத் தாங்க வேண்டிவரும். புதியவர் பயந்து ‘குறைச்சுடுங்க’ என்பார், அங்கே நீங்கள் கூட்ட வேண்டும்.

ஆங்கிலம் சரளமாக வராது. தசைப் பெயர்களைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. தேர்வில் தேற முடியுமா?
– வாசகி, பென்னாகரம்

முடியும். முதலில் எல்லாப் பெயரும் தேவையில்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டியிருக்கும் டிரான்ஸ்வெர்சஸ், முதுகெலும்பு ஒட்டிய மல்டிஃபிடஸ், மூச்சுக்கான டயஃப்ரம், கீழே இடுப்புத்தளத் தசைகள், தொடையைத் தூக்கும் சோயாஸ், பிட்டத்தின் குளூட்டியஸ், பின்தொடையின் ஹாம்ஸ்ட்ரிங், தோள்பட்டையைப் பிடிக்கும் செரட்டஸ் – இந்த எட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, என்ன அசைவு தருகிறது, எந்தப் பயிற்சியில் வேலை செய்கிறது என்று நான்கே வரி, தமிழில் எழுதுங்கள். பெயரை மட்டும் ஆங்கில உச்சரிப்பில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பிறகு வீட்டில் ஒருவரைப் படுக்கவைத்து, கால் தூக்கச் சொல்லி, எந்தத் தசை எழும்புகிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். சேரும் முன்பே கேள்வித்தாள் எழுத்தா, வாய்மொழியா, அகராதி அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். செய்முறைத் தேர்வில் வேகமாகப் பேசினால்தான் மார்க் என்று நினைத்துத் தடுமாறுகிறார்கள். ஒரு அசைவுக்கு ஒரு சொல், அதுவும் அசைவு ஆரம்பிக்கும் முன்பே வந்துவிட வேண்டும். அதற்கு வேண்டிய ஆங்கில வார்த்தைகள் ஐம்பதைத் தாண்டாது.